கோடுகளை எண்ணுவதற்கு முன்

1858இல் எடுத்த ஒரு படத்தில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஒருவரின் முன்கையில் ஒற்றைச் சரிகைக் கோடும் அதன் மேல் ஒரு சுருளும் தெரிந்தால், அவர் லெப்டினன்ட். அதே கோடும் அதே சுருளும் 1868இல் எடுத்த படத்தில் தெரிந்தால், அவர் சப்-லெப்டினன்ட். லெப்டினன்டுக்கு ஒரு படி கீழே நிற்பவர். துணி மாறவில்லை, சரிகை மாறவில்லை, தைத்த தையற்காரர்கூட அதே ஆளாக இருக்கலாம். மாறியது கடற்படையை நிர்வகித்த அட்மிரல்டியின் விதி மட்டும். பழைய கப்பல் படங்களில் இருப்பவர்களை அடையாளம் காண முயலும் எவரும் முதலில் செய்வது கைக்கோடுகளை எண்ணுவதுதான். நான்கு என்றால் கேப்டன், மூன்று என்றால் கமாண்டர் என்று ஒரு வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரியும். அந்த வாய்ப்பாடு தவறானதல்ல. அது ஒரு குறிப்பிட்ட நாட்டின், குறிப்பிட்ட பணியின், குறிப்பிட்ட ஆண்டுகளின் வாய்ப்பாடு. அதை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகும்போதுதான் தவறு தொடங்குகிறது. படத்தில் இருப்பது எந்தப் பணி, எந்தக் காலம், எந்தப் பிரிவு, படம் எந்த முறையில் பதிவானது என்ற கேள்விகள் முடிந்தபின் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை கோட்டை எண்ணுவது என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால்தான் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் குடும்ப ஆல்பங்களிலும் இல்லாத கேப்டன்கள் பலர் பிறந்திருக்கிறார்கள்.

கைக்கோடு யாருக்காக உண்டானது என்பதைப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளுக்கு முறையான சீருடை விதி வந்தது 1748இல். 1795இல் தோளணிகள் வந்தன. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு கேப்டனையும் கமாண்டரையும் பிரித்துக் காட்டியது பெரும்பாலும் தோள்தான். கொடி அதிகாரிகளான அட்மிரல்களுக்கு மட்டும் முன்கையில் சரிகை வரிசைகள் இருந்தன. ஆனால் பொன்னிழைத் தோளணியைப் பூட்டிக்கொண்டு அன்றாட வேலை பார்க்க முடியாது. வேலை உடுப்பில் ஒருவருடைய தரத்தைச் சொல்ல எளிய வழி ஒன்று வேண்டும் என்ற தேவையில் 1856இல் முன்கைக் கோடுகள் வந்தன. அவற்றைப் படிக்க வேண்டியவர் யார்? அதே மேல்தளத்தில் நிற்கும் மாலுமி. அல்லது பக்கத்துக் கப்பலிலிருந்து படகில் ஏறிவரும் இன்னோர் அதிகாரி. அவர்களுக்குக் கப்பலின் பெயர் தெரியும், கொடி தெரியும், ஆண்டு தெரியும், எதிரில் நிற்பவர் பொறியாளரா மருத்துவரா என்பதும் ஏறக்குறையத் தெரியும். மிச்சமிருந்த ஒரே கேள்விக்கு, இவர் எனக்கு மேலா கீழா என்பதற்கு, கோடு விடை சொன்னது. நூறு ஆண்டுகள் கழித்து ஒரு படத்தைக் கையில் எடுப்பவருக்கு அந்த முதல் நான்கும் தெரியாது. ஐந்தாவது கேள்விக்காக வைத்த குறியிடம் ஐந்து கேள்விகளுக்கும் விடை கேட்கிறார்.

விதிகள் எவ்வளவு வேகமாக நகர்ந்தன என்பதைப் பார்ப்போம். 1856இன் ஏற்பாட்டில் கேப்டனுக்கு மூன்று கோடு, கமாண்டருக்கு இரண்டு, லெப்டினன்டுக்கு ஒன்று. 1860களின் தொடக்கத்தில், ‘மேட்’ என்று அழைக்கப்பட்டவர்கள் சப்-லெப்டினன்ட் ஆனதும் கீழ்ப்படியில் ஓர் இடம் தேவைப்பட்டது. எல்லோரும் ஒரு கோடு மேலே நகர்ந்தார்கள், கேப்டன் நான்கு கோட்டுக்காரர் ஆனார். 1877இல் எட்டு ஆண்டு மூப்புள்ள லெப்டினன்டுகளுக்கு இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய கோடு கிடைத்தது. அந்த இரண்டரைக் கோட்டுக்கு அப்போது தனிப் பதவிப் பெயர் கிடையாது. லெப்டினன்ட்தான், மூத்தவர் என்பது மட்டும். 1914இல் லெப்டினன்ட் கமாண்டர் என்ற பதவி உருவானபோது, அதே இரண்டரைக் கோட்டைப் போட்டிருந்தவர் கையில் ஓர் இழைகூட மாறாமல் புதிய பெயருக்குரியவர் ஆனார். 1905இல் எடுத்த படத்தின் கீழே ‘லெப்டினன்ட் கமாண்டர்’ என்று எழுதுபவர் கோட்டைச் சரியாக எண்ணித் தவறான விடைக்குப் போகிறார். அமெரிக்காவில் இந்த நகர்வு இன்னும் விசித்திரமானது. அங்கு உள்நாட்டுப் போரின் நடுவில் வந்த ஒரு விதியில் கோடுகள் மெல்லியதாகி எண்ணிக்கையில் பெருகின: கேப்டனுக்கு ஆறு, ரியர் அட்மிரலுக்கு எட்டு. முழங்கையை நோக்கி ஏறிய அந்தச் சரிகை ஏணி சில ஆண்டுகளே நீடித்தது. 1869இல் கேப்டனுக்கு நான்கு என்ற இன்றைய அளவுக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள். ஆகவே கோட்டின் எண்ணிக்கை ஆண்டைத் தெரிந்தவருக்குத் தரத்தைச் சொல்லும். தரத்தைத் தெரிந்தவருக்கு ஆண்டைச் சொல்லும். இரண்டும் தெரியாதவருக்கு ஒன்றுமே சொல்லாது.

எந்தப் பணி என்பது இதைவிட முக்கியமான கேள்வி. நல்வாய்ப்பாக, இங்கே சரிகையின் எண்ணிக்கையைவிட அதன் வடிவம் கூடுதலாகப் பேசுகிறது. 1859இல் சட்டம் ஏற்படுத்திய பிரித்தானியக் கடற்படை ரிசர்வ், வணிகக் கப்பல்களில் வேலை பார்க்கும் மாலுமிகளைப் போர்க்காலத்துக்காகப் பதிந்துவைத்த படை. அதன் அதிகாரிகளுக்கு இரண்டு மெல்லிய இழைகள் சங்கிலிபோல் பின்னிய கோடு. 1903இல் வந்த தன்னார்வ ரிசர்வ், கடலைத் தொழிலாகக் கொள்ளாத வக்கீல்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்த படை. அவர்களுக்கு அலைபோல் நெளியும் கோடு. ரிசர்வ்காரர் மாலுமி, கனவான் இல்லை. தன்னார்வக்காரர் கனவான், மாலுமி இல்லை. நிரந்தரப் படைக்காரர் மட்டும் இரண்டும் என்று கப்பல்களில் ஒரு கேலி உலவியது. வர்க்கப் பெருமை சொட்டும் அந்தக் கேலிக்கு மூல ஆதாரம் முன்கையில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 1951இல் பின்னலும் அலையும் ஒழிந்தன. எல்லோருக்கும் நேர்கோடு, ரிசர்வில் இருப்பவருக்குச் சுருளுக்குள் ஓர் ‘ஆர்’ எழுத்து என்றானது. இந்தியாவும் இலங்கையும் இதே முறையைத்தான் பெற்றுக்கொண்டன. செங்கல்பட்டில் 1911இல் பிறந்த ராம் தாஸ் கட்டாரி 1927இல் ‘டஃப்பரின்’ பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் சேர்ந்தவர். கல்கத்தாத் துறைமுக நிர்வாகத்தில் ஹூக்ளி ஆற்றுப் பணி பார்த்துவிட்டு, இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ராயல் இந்தியக் கடற்படையின் ரிசர்வுக்கு வந்தார். பிறகு நிரந்தரப் படைக்கு மாறினார். 1958இல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமை அதிகாரியானார். சீருடை விதிகளின்படி அவருடைய முன்கை பின்னல் சரிகையிலிருந்து நேர்சரிகைக்கு மாறியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒருவரின் பழைய படம் ஆண்டுக் குறிப்பு இல்லாமல் கிடைத்தால், கோடு ஒன்றா இரண்டா என்பதற்கு முன்னால் அது பின்னலா நேரா என்று பார்ப்பவருக்கே அவருடைய வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது புரியும்.

வணிகக் கப்பல்களுக்கு வந்தால் தரை இன்னும் வழுக்கும். 1918இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆணையும் 1919இல் ஒரு சட்டமும் வரும்வரை பிரித்தானிய வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கு நாடு தழுவிய சீருடை எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி தைத்தது. புதிய சீருடையில் சரிகையோடு வைர வடிவம் ஒன்று சேர்ந்தது; ஆனால் பெரிய கம்பெனிகள் தங்கள் பழைய வழக்கத்தை எளிதில் விடவில்லை. டைட்டானிக்கின் கேப்டன் எட்வர்ட் ஸ்மித் படங்களில் நான்கு கோடுகளுடன் நிற்கிறார். அது ஒயிட் ஸ்டார் கம்பெனி கொடுத்த நான்கு. ரிசர்வில் அவருக்கு இருந்த தரம் கமாண்டர், அதாவது மூன்று பின்னல் கோடு. ஒரே மனிதருக்கு இரண்டு எண்ணிக்கைகள், இரண்டும் உண்மை. நாடு மாறினாலும் இதே கதைதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அவர் ஃப்ரெகாட்டன்கேப்டன், ஜெர்மானிய விதிப்படி முன்கையில் நான்கு கோடு, அவற்றின் மேல் பேரரசின் கிரீடம். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே எம்டனை நொறுக்கிய ‘சிட்னி’ போர்க்கப்பலின் தலைவர் ஜான் கிளாசப், கேப்டன், அவருக்கும் நான்கு கோடு, மேலே சுருள். எண்ணிக்கையில் இருவரும் சமம். ஆனால் ஜெர்மானியப் படையில் முழுக் கேப்டனும் அவருக்கு ஒரு படி கீழே இருந்த ஃப்ரெகாட்டன்கேப்டனும் ஒரே நான்கு கோட்டையே அணிந்தார்கள். வேறுபாடு தோள்பட்டையின் விண்மீன்களில் இருந்தது. முன்கையை மட்டும் காட்டும் ஒரு படத்திலிருந்து முல்லரின் பதவியைச் சொல்லவே முடியாது, எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும்.

எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் சான்று கோடுகளுக்கு நடுவே இருக்கும் துணி. 1863இல் பிரித்தானியக் கடற்படை, போரிடாத பிரிவுகளின் அதிகாரிகளுக்குச் சரிகைகளுக்கிடையே நிறத்துணி வைத்துத் தைக்க விதித்தது: பொறியாளருக்கு ஊதா, மருத்துவருக்குச் சிவப்பு, சம்பள அலுவலருக்கு வெள்ளை, கப்பலோட்டும் மாஸ்டர்களுக்கு வெளிர்நீலம். வெளிர்நீலம் பிற்பாடு கடற்படை ஆசிரியர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, ஆக நிறத்துக்கும் ஆண்டு வேண்டும். இந்தப் பிரிவினருக்குச் சுருள் இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. சுருள் என்பது கப்பலை நடத்தவும் சண்டையிடவும் உரிமை பெற்றவரின் குறி. கொதிகலனோடு போராடுபவருக்கு அது மறுக்கப்பட்டது. நீராவி யுகத்தில், இயந்திரம் நின்றால் கப்பலே நின்றுவிடும் என்ற நிலையிலும் அரை நூற்றாண்டு இந்த மறுப்பு தொடர்ந்தது. பொறியாளர்களுக்கு 1915இல் சுருள் கிடைத்தது. மற்றப் பிரிவுகளுக்கு 1918இல். இந்த இரண்டு ஆண்டுகள் அடையாளம் காண்பவருக்குப் பெரிய கொடை. நிரந்தரப் படையின் அதிகாரி என்பது வேறு வழியில் உறுதியாகிவிட்டால், ஊதாத் துணி இருந்து சுருள் இல்லாத கை பெரும்பாலும் 1915க்கு முந்தியது. இரண்டும் இருந்தால் பிந்தியது. 1955இல் பெரும்பாலான நிறங்கள் நீக்கப்பட்டன. ஜெனீவா உடன்படிக்கையின்படி போரிடாதவர் என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டிய மருத்துவரும் பல் மருத்துவரும் மட்டும் தங்கள் நிறத்தை வைத்துக்கொண்டார்கள். தரத்தைச் சொல்லும் கோட்டைவிட, பிரிவைச் சொல்லும் துணியும் உரிமையைச் சொல்லும் சுருளும் காலத்தைத் துல்லியமாகக் காட்டுகின்றன.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சந்திக்காமல் போக முடியாது. கப்பல் பொறியாளர்களிடையே இன்றும் சொல்லப்படுவது: 1912இல் டைட்டானிக் மூழ்கும்போது கடைசிவரை விளக்கெரிய வைத்து ஒருவர்கூடத் தப்பாமல் இறந்த பொறியாளர்களின் நினைவாக, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஊதா நிறத்தைப் பொறியாளர்களுக்கு வழங்கினார் என்பது. பொறியாளர்கள் அனைவரும் இறந்தார்கள் என்பது உண்மை. நிறம் அதற்கு 49 ஆண்டுகள் முன்பே கடற்படைப் பொறியாளரின் கையில் இருந்தது என்பதும் உண்மை. கதையைக் காக்க விரும்புபவர் ஒன்று சொல்லலாம்: கடற்படையில் இருந்திருக்கட்டும், வணிகக் கப்பல்களின் பொதுச் சீருடை 1918இல்தானே வந்தது, அங்கே ஊதா சேர்ந்தது டைட்டானிக்குக்காக இருக்கலாமே? கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் அந்தப் பொதுச் சீருடையில் மருத்துவருக்குச் சிவப்பும், கணக்குப் பார்க்கும் பர்சருக்கு வெள்ளையும் வந்தன. கடற்படையின் நிறவரிசை மொத்தமாக இடம்பெயர்ந்திருக்கிறது. ஊதாவுக்கு மட்டும் ஒரு பேரிடர் காரணம் என்றால் சிவப்புக்கும் வெள்ளைக்கும் எந்தப் பேரிடரைத் தேடுவது? மாலுமிச் சட்டைக் கழுத்தின் மூன்று வெள்ளைக் கோடுகள் அட்மிரல் நெல்சனின் மூன்று வெற்றிகளைக் குறிக்கின்றன என்பதும் இதே குடும்பத்துக் கதை. 1857இல் மாலுமிகளுக்குச் சீருடை வகுத்தபோது அந்த எண்ணிக்கைக்கும் நெல்சனுக்கும் தொடர்பிருந்ததாகச் சான்று இல்லை. இக்கதைகள் பொய் என்று தள்ளிவிடுவதோடு என் அக்கறை முடியவில்லை. ஒரு படத்தில் ஊதாத் துணியைக் கண்டதும் ‘1912க்குப் பிந்தியது’ என்று தேதி போடுபவர் இருக்கிறார். அங்கே கதை, சான்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

நிறம் அவ்வளவு பயனுள்ளது என்றால், கறுப்பு வெள்ளைப் படத்தில் அதை எப்படிக் காண்பது? பலர் சாம்பல் நிறத்தின் ஆழத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் நம் கண்ணின் பழக்கத்திலிருந்து வருகிறது. பழைய படத்தகட்டுக்கு நம் கண் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புழங்கிய ஈரக் கொலோடியன் தகடு நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டுமே நன்றாக இணங்கியது. மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயங்கள் சேர்த்துத் தகட்டின் உணர்திறனை விரிக்கலாம் என்று கண்டுபிடித்தபின் பச்சையும் மஞ்சளும் உள்ளே வந்தன. சிவப்பு வெளியிலேயே நின்றது. சிவப்பையும் உணரும் தகடுகள் 1906இல் சந்தைக்கு வந்தாலும், பழைய வகை இன்னும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. இதன் விளைவைச் சரிகைக் கைக்குப் பொருத்திப் பாருங்கள். மருத்துவரின் சிவப்புத் துணி கறுத்து, கருநீல மேலங்கியோடு கலந்து மறைந்துவிடுகிறது. சுருளும் இல்லை, நிறமும் தெரியவில்லை. 1890களின் கடற்படை மருத்துவர் ஒருவர், ஏதோ வணிகக் கம்பெனியின் அதிகாரிபோல் காட்சி தருகிறார். வெளிர்நீலம் வெளுத்து வெள்ளையோடு போட்டிபோடுகிறது. ஆசிரியரும் சம்பள அலுவலரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். பொன்சரிகையோ இன்னும் தந்திரமானது. நிறத்தால் அது இருண்டு பதிய வேண்டும், ஆனால் உலோக இழை என்பதால் வெளிச்சம் படும் கோணத்தில் பளிச்சிடுகிறது. ஒரே கையில் மேல்கோடு வெள்ளையாகவும் கீழ்க்கோடு சாம்பலாகவும் விழுந்து, மூன்று கோட்டுக்காரர் இரண்டு கோட்டுக்காரராக இறங்கிவிடலாம். தகரத்தகட்டுப் படங்களில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும் என்பதை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பதக்க நாடா வலது மார்பில் இருந்தால் கையைப் பார்ப்பதற்கு முன் படத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அதிகாரிகளைவிட மாலுமிகளின் கை கூடுதலாகத் தவறாகப் படிக்கப்படுகிறது. இடது மேற்கையில் வி வடிவக் கோடுகள் மூன்று தெரிந்தால், தரைப்படையைப் பார்த்துப் பழகிய கண் ‘சார்ஜன்ட்’ என்கிறது. பிரித்தானியக் கடற்படையிலும் அதைப் பின்பற்றிய படைகளிலும் அவை நன்னடத்தைக் குறிகள். பிற்கால விதிப்படி மூன்று, எட்டு, பதின்மூன்று ஆண்டுப் பணிக்கு ஒவ்வொன்றாகச் சேர்பவை. மூன்றும் பெற்ற சாதாரண மாலுமி ஒருவர், ஒரு கோடும் இல்லாத இளம் பெட்டி ஆபீசருக்குக் கீழே வேலை பார்த்தார். பதவியைக் காட்டியது அவற்றுக்கு மேலே உள்ள நங்கூரமும் கிரீடமும். 1827இல் பெட்டி ஆபீசர்களுக்கு முதன்முதலில் கொடுக்கப்பட்ட குறிகளும் அவைதான். தொழிற்குறி வலது கையில். இக்குறிகளின் நூல் நிறம் தரத்தைச் சொல்வதில்லை; சிறப்பு உடுப்பில் பொன், அன்றாட நீல உடுப்பில் சிவப்பு, வெள்ளை உடுப்பில் நீலம், அவ்வளவுதான். ஆனால் சிவப்பு என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். நீலச் சட்டையின் சிவப்புக் குறி பழைய தகட்டில் ஏறக்குறைய அழிந்துவிடும். ‘கையில் ஒன்றும் இல்லை, ஆகவே கடைநிலை மாலுமி’ என்று முடிவுகட்டுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

இதற்கெல்லாம் எதிராக எழும் வலுவான மறுப்பு, விதிப்புத்தகத்தின் மேலேயே கை வைக்கிறது. விதி ஒன்று, நடப்பு வேறொன்று. சரிகைக்குக் காசு வேண்டும், தையற்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும். பதவி உயர்வுச் செய்தி வந்த அன்றே நடுக்கடலில் கோடு முளைக்காது. தற்காலிகப் பதவிக்காரர் மேல்தரத்துக் கோட்டை அணிவார், பணி முடிந்ததும் கழற்றுவார். போர்க்காலத்தில் அட்மிரல்டியே சிக்கனம் பிடித்தது: இரண்டாம் உலகப் போரில் சரிகை கையைச் சுற்றி வராமல் வெளிப்பக்கப் பாதியோடு நின்றது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இவை விதியின் பயனைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. விலகலை விலகல் என்று அறிய விதி தெரிந்திருக்க வேண்டும். மேலும் விலகல்களுக்கு ஒரு திசை உண்டு: ஆள் விதிக்குப் பின்தங்குகிறாரே தவிர, வராத விதியை முன்கூட்டி அணிவதில்லை. 1877க்கு முன் எடுத்த படத்தில் மெல்லிய நடுக்கோடு இருக்க வழியில்லை. 1885இல் எடுத்த படத்தில் ஒரு மூத்த லெப்டினன்டின் கையில் அது இல்லாமலிருக்க வழியுண்டு. எனவே புதிய குறியின் இருப்பு உறுதியான கீழ் எல்லையைத் தருகிறது. அதன் இன்மை மேல் எல்லையை அவ்வளவு உறுதியாகத் தருவதில்லை. இந்தச் சமமின்மையை ஏற்றுக்கொண்டால், மறுப்பே முறையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இன்னொரு மறுப்பு ஆவணக்காரர்களிடமிருந்து வருவது. ஆண்டுதோறும் அச்சான கடற்படைப் பட்டியல்கள் இருக்கின்றன. லாயிட்ஸ் நிறுவனத்தின் கேப்டன் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர் தெரிந்தால் எல்லாம் தெரியும், துணியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? பெயர் எங்கிருந்து வந்தது என்பதே பதில் கேள்வி. படத்தின் பின்புறம் பெயர் எழுதியவர் பெரும்பாலும் பேரனோ விற்பனையாளரோதான். அந்தப் பெயர் சரியா என்று சோதிக்கத் துணியைத் தவிர வேறு சாட்சி படத்துக்குள் இல்லை. ஆவணமும் கையும் முரண்பட்டால் ஆவணமே வெல்ல வேண்டும் என்பதும் இல்லை. டைட்டானிக் புறப்படுவதற்குச் சற்று முன் ஹென்றி வைல்டு தலைமை அதிகாரியாகக் கொண்டுவரப்பட்டார். அந்த இடத்தில் இருந்த வில்லியம் மர்டாக் முதல் அதிகாரியானார், முதல் அதிகாரியாக இருந்த சார்லஸ் லைட்டாலர் இரண்டாம் அதிகாரியானார், இரண்டாம் அதிகாரி டேவிட் பிளேர் கப்பலைவிட்டே இறங்கினார். இந்தச் சில நாட்களில் எடுத்த ஒரு படத்தை ஊழியர் பட்டியலோடு மட்டும் ஒப்பிடுபவர், பட்டியல் மாற்றத்துக்கு முந்தியதா பிந்தியதா, சரிகை பிரிக்கப்பட்டதா இல்லையா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்.

சமீப காலத்தில் ஒரு புதிய தொல்லை சேர்ந்திருக்கிறது. பழைய படங்களுக்குக் கணினி வழியாக வண்ணம் பூசும் வழக்கத்தைச் சொல்கிறேன். கருநீலம் எது, பொன் எது என்று நிரல் ஊகிக்கிறது. கோடுகளுக்கு நடுவிலிருந்த சிவப்பு தகட்டிலேயே இருண்டுபோயிருப்பதால், அங்கேயும் கருநீலத்தையே நிரப்புகிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது அழகான, உறுதியான, பொய்யான ஒரு கை. மூலப் படத்தில் ‘தெரியவில்லை’ என்று இருந்த இடம் வண்ணப் படத்தில் ‘இல்லை’ என்று மாறிவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படம் தன் குறையை மறைப்பதில்லை. வண்ணம் பூசியது மறைக்கிறது. அடையாளம் காணும் வேலைக்கு வண்ணப்படிகளைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து. விளம்பரப் பலகைக்கு அவை போதும்.

படத்தைவிட்டு, எஞ்சியிருக்கும் மேலங்கியே கையில் கிடைத்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று தோன்றலாம். அப்படி இல்லை, ஆனால் கேள்விகள் நல்ல கேள்விகளாகின்றன. கடற்படைத் தையற்காரர்கள் உள்பையில் ஒரு சீட்டைத் தைத்து, அதில் உரியவரின் பெயரையும் தைத்த தேதியையும் மையால் எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்தத் தேதி துணிக்கு உரியது, சரிகைக்கு உரியதல்ல. உப்புக்காற்றில் பொன்னிழை கறுக்கும். கறுத்ததைப் பிரித்துப் புதிது தைப்பார்கள். பதவி உயர்ந்தால் இன்னொரு கோடு சேரும், அதற்கு இடம்விட்டுப் பழைய கோடுகள் நகரும். பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாக நிற்கும், சரிகை மூடியிருந்த பட்டையில் துணி வெளுக்காமல் இருக்கும். பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் இருந்தால் ஒரு கையில் மூன்று தலைமுறைச் சரிகையைப் படித்துவிடலாம். பொத்தானையும் பார்க்க வேண்டும்: இந்தியக் கடற்படையில் 1950இல் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன, கோடும் சுருளும் அப்படியே நின்றன. 1946இல் தைத்த மேலங்கியில் சிங்கப் பொத்தான் இருந்தால் அது போலி என்று சொல்லிவிட முடியாது. உரியவர் புதிய குடியரசில் அதே துணியைத் தொடர்ந்து அணிந்திருக்கலாம், பிற்காலத்தில் வேறு யாரோ மாற்றியும் இருக்கலாம். பொத்தானைத் தைத்திருக்கும் நூல் மற்றத் தையல்களின் நூலோடு ஒத்துப்போகிறதா, அதன் அடியில் வேறு தையலின் துளைகள் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே அடுத்த படி எடுக்க முடியும்.